வெள்ளைத் தூளில் முதல் தூறல்: வண்டி வழுக்கும்போது செய்ய வேண்டியவை

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் அடைமழைக்குப் பயப்படுவார்கள், தூறலைப் பொருட்படுத்த மாட்டார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது தூறலுக்குத்தான். அரை மணி நேரம் அடித்துப் பெய்யும் மழை ரோட்டைக் கழுவிவிடும். தார் தெரியும், டயருக்குப் பிடி கிடைக்கும். பத்து நிமிடம் தூறிவிட்டு நின்றுபோகும் மழை, ரோட்டில் கிடக்கும் சுண்ணாம்புத் தூளைக் குழைத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறது. அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

வழுக்கும் வண்டியை எப்படித் திருப்புவது என்பதற்கு முறையான பதில்கள் உண்டு. ஒவ்வொன்றையும் இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன். ஆனால் வழுக்கத் தொடங்கிய பிறகு உங்கள் கையில் இருப்பது ஒரு வினாடி, மிஞ்சிப்போனால் இரண்டு. ரோட்டின் நிறத்தைப் பார்த்து நூறு மீட்டருக்கு முன்பே காலை எடுக்கிறவருக்கு அந்த வினாடி தேவைப்படுவதே இல்லை. அதனால் ரோட்டைப் படிப்பதிலிருந்தே தொடங்குவோம்.

ரோட்டில் என்ன கிடக்கிறது

ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் வட்டாரம் கடலுக்குள் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக்கல்லாக இறுகின. அந்தப் பாறை அடுக்குகளில் ஒன்றுக்குப் புவியியலாளர்கள் கல்லங்குறிச்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அரசு சிமெண்ட் ஆலைக்கும் தனியார் ஆலைகளுக்கும் கல் போவது இந்தப் படிவுகளிலிருந்துதான். வெட்டிய கல்லை டிப்பர்கள் சுமந்து போகும்போது தூள் சிந்துகிறது. சக்கர இடுக்கில் ஒட்டிய சுரங்கத்துச் சேறு ரோட்டில் உதிர்ந்து காய்கிறது. அடுத்த டிப்பர் அதை அரைத்து மாவாக்குகிறது.

இந்தத் தூள் தண்ணீரில் கரையாது. நுண்ணிய துகளாக மிதந்து, கூடவே இருக்கும் களிமண்ணோடு சேர்ந்து பசையாகிறது. தாரின் சொரசொரப்புக்குள் டயர் ரப்பர் அழுந்திப் பிடிப்பதால்தான் வண்டி நிற்கிறது. அந்தச் சொரசொரப்பின் பள்ளங்களையெல்லாம் பசை நிரப்பிவிட்டால் ரப்பருக்குப் பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காது.

மழையே இல்லாத நாளிலும் இது நடக்கும். தூசி பறக்காமலிருக்க டேங்கர் லாரியில் தண்ணீர் அடிப்பார்கள். சுள்ளென்று வெயில் அடிக்கும் மத்தியானத்தில், காய்ந்த ரோட்டில் வந்துகொண்டே இருப்பீர்கள். சுரங்க வாசலை ஒட்டி ஐம்பது அறுபது மீட்டருக்கு மட்டும் ரோடு ஈரமாக இருக்கும். டிப்பர் திரும்பும் இடமும் அதுதான், நீங்கள் பிரேக் பிடிக்க வேண்டிய இடமும் அதுதான்.

நிறத்தை வைத்து அடையாளம் காணலாம். காய்ந்த தூள் வெளிறிய வெள்ளையாக இருக்கும். லேசாக நனைந்ததும் சாம்பல் நிறமாகி மினுமினுக்கும். அந்த மினுமினுப்புதான் மோசமான கட்டம். நன்றாக மழை பெய்தபின் தார் கறுப்பாகத் தெரிந்தால் நிலைமை பரவாயில்லை. சந்தேகமாக இருந்தால் ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கி, செருப்புக் காலால் ரோட்டை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கால் கரகரவென்று நிற்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்று உடனே தெரிந்துவிடும். புதிதாக வண்டி ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு இதை ஒரு முறை செய்து காட்டுங்கள். எத்தனை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாலும் புரியாதது அந்த ஒரு தேய்ப்பில் புரியும்.

சுண்ணாம்பு ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலும் கரிசல் மண் உண்டு. உழுதுவிட்டு ரோடேறும் டிராக்டரின் பெரிய சக்கரம் கட்டி கட்டியாகக் கரிசலைக் கொண்டுவந்து போடும். நனைந்த கரிசல், சுண்ணாம்புப் பசைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அறுவடைக் காலத்தில் மக்காச்சோளமும் வரகும் எள்ளும் ரோட்டில் காயும். உருண்டைத் தானியத்தின்மேல் இரு சக்கர வண்டி ஏறினால், மழையே வேண்டாம், முன் சக்கரம் உருண்டு ஓடிவிடும். களம் இல்லாமல் காய வைக்கிறவர்களின் கஷ்டம் புரிகிறது. தார்ப்பாய் பறக்காமலிருக்க ஓரத்தில் வைக்கும் கற்களையாவது இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும். கரும்பு அரவைக் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் பாதைகளில் சோகையும் சக்கையும் கிடக்கும். ஈரத்தில் அவையும் வழுக்கும்.

காலக்கணக்கையும் மனதில் வையுங்கள். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். குடும்பத்தோடு ஒரே வண்டியில் மூன்று பேர், நான்கு பேர் வருவதும் உண்டு. புரட்டாசி முடியும் நேரம்தான் வடகிழக்குப் பருவமழை கண்ணைத் திறக்கும் நேரம். கோடை முழுவதும் சேர்ந்த தூள், முதல் தூறல், வழி தெரியாத வெளியூர் வண்டிகள், ஆள் பாரம் ஏற்றிய பைக்குகள், எல்லாம் ஒரே ரோட்டில் ஒரே நாளில் சந்திக்கின்றன.

டயருக்குக் கிடைக்கும் பிடி

கார் டயர் ஒன்று ரோட்டைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. பைக்குக்கு அதைவிடக் குறைவு. பிரேக் பிடிப்பது, வளைப்பது, வேகம் எடுப்பது மூன்றும் அந்தப் பரப்பின் பிடியில்தான் நடக்க வேண்டும். பையில் நூறு ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் திரும்புவதற்கு எண்பது செலவாகிவிட்டால் பிரேக்குக்கு இருபதுதான் மிச்சம். அப்போது போய் ஐம்பது ரூபாய்க்குப் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். காய்ந்த தாரில் நூறு இருந்த பை, சுண்ணாம்புப் பசையில் முப்பதுக்கு இறங்கிவிடும் என்பதுதான் இந்த ஊரின் கணக்கு.

இதை மீட்டரிலும் சொல்லலாம். உராய்வுக் கெழு காய்ந்த தாரில் சுமார் 0.7, நனைந்த சுத்தமான தாரில் 0.4, சேறு படிந்த ரோட்டில் 0.2 என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த ரோட்டில் 9 மீட்டரில் நிற்கலாம், நனைந்த ரோட்டில் 16 மீட்டர், சேற்றில் 31 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் இவை 20, 35, 71 ஆகிவிடும். இதோடு கண் பார்த்து மூளை முடிவெடுத்துக் கால் அழுத்துவதற்கு ஆகும் ஒரு வினாடியையும் சேர்க்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடிக்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஆகச் சேற்றில் 60-ல் வருகிறவர் முழுதாக நிற்க 88 மீட்டர் வேண்டும். வேகத்தை 40-ஆகக் குறைத்தவருக்கு 43 மீட்டர் போதும். மூன்றில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தால் தூரம் பாதியாகிறது.

வளைவும் இப்படித்தான். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் காய்ந்த ரோட்டில் 66 கிலோமீட்டர் வேகம் வரை டயர் தாங்கும் என்று கணக்கு சொல்லும். அதே வளைவில் பசை படிந்திருந்தால் 35-லேயே பிடி தீர்ந்துவிடும். தினமும் 50-ல் திரும்பிப் பழகிய வளைவில், அதே 50-ல் ஒரு நாள் வண்டி பாட்டுக்கு நேராகப் போவதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உருளும் சக்கரத்தின் பிடி, பூட்டிக்கொண்டு தேயும் சக்கரத்தின் பிடியைவிட அதிகம். பூட்டிய முன்சக்கரம் திசையையும் மாற்றாது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி போன திசையிலேயே போகும். வழுக்கலிலிருந்து மீளும் முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: சக்கரத்தை மறுபடி உருள விடுவது.

கார், வேன், குட்டி யானை

பிரேக் பிடித்ததும் சக்கரம் பூட்டி வண்டி நேராக வழுக்கிக்கொண்டு போனால், ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இல்லாத வண்டியில் பிரேக்கை விடுங்கள். பயத்தில் கால் இன்னும் அழுத்தத்தான் பார்க்கும். விடுவதற்கு மனதைப் பழக்கியிருக்க வேண்டும். சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி, முன்பைவிட மெதுவாக, அழுத்துங்கள். பூட்டினால் மறுபடி விடுங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் இதற்கு நேர் எதிர்: முழு பலத்தோடு அழுத்தி அப்படியே பிடித்திருக்க வேண்டும். மிதி கடகடவென்று காலில் அதிரும். அந்த அதிர்ச்சியில் பலர் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது, நீங்கள் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டியதை அது வினாடிக்குப் பலமுறை செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் அந்த அதிர்வுக்கு அர்த்தம். அழுத்தியபடியே தடையைச் சுற்றி வளைக்கலாம், ஏ.பி.எஸ்-ஸின் பெரிய பயன் அதுதான். இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற கார்களில் அது கட்டாயம். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் தங்கள் வண்டியில் உண்டா இல்லையா என்பதை இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். சாவி போட்டதும் டேஷ்போர்டில் அதன் விளக்கு எரிந்து அணையும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உதிரி ஜல்லியிலும் எம்-சாண்ட் கொட்டிய இடத்திலும் ஏ.பி.எஸ். வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கக்கூடும்.

வளைவில் திருப்பியும் வண்டி திரும்பாமல் நேராகப் போனால் முன்சக்கரம் வழுக்குகிறது என்று பொருள். எல்லோரும் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பார்கள். பிடியே இல்லாத சக்கரத்தை மேலும் ஒடித்து எதுவும் ஆகாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், ஒடித்த ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள். வேகம் குறைந்து டயர் ரோட்டைப் பிடித்ததும் மறுபடி திருப்புங்கள். ஒரு வினாடி தாமதமாகத் திரும்பினாலும் திரும்பும்.

பின்பக்கம் விலகிக்கொண்டு போவதுதான் பார்க்கப் பயங்கரமானது. மாருதி ஆம்னி, ஈகோ, பொலேரோ, குட்டி யானை மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இது அதிகம். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் எடையே இல்லாததால் இன்னும் அதிகம். கால் இரண்டையும் அமைதியாக்குங்கள்: ஆக்ஸிலேட்டர் வேண்டாம், பிரேக் வேண்டாம். சட்டென்று கியர் குறைத்ததால் வழுக்கியிருந்தால் கிளட்சை அழுத்திவிடுங்கள். வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பின்பக்கம் இடது போனால் ஸ்டீயரிங்கும் இடது. கணக்குப் பார்க்க நேரம் இருக்காது. நீங்கள் போக வேண்டிய ரோட்டைப் பார்த்துக்கொண்டே அதை நோக்கித் திருப்பினால் கை தானாகச் சரியான பக்கம் போகும். எதிரே உள்ள புளியமரத்தைப் பார்த்தால் வண்டியும் புளியமரத்துக்குத்தான் போகும்.

பலர் தோற்பது இதற்கு அடுத்த நொடியில். வண்டி நேராக வரத் தொடங்கியதும் திருப்பிய ஸ்டீயரிங்கை உடனே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். தாமதித்தால் பின்பக்கம் மறுபக்கம் சாட்டை அடித்ததுபோல் வீசும். முதல் வீச்சைவிட இரண்டாவது வேகமானது, அதில்தான் வண்டி கவிழ்கிறது. கைப்பிரேக்கை எந்த நிலையிலும் இழுக்காதீர்கள். அது பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கலை முழுமையாக்கிவிடும்.

பைக், ஸ்கூட்டர், எக்ஸ்.எல்.

கிராமத்தில் பாதிப் பேர் ஓட்டுவது இவற்றைத்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பைக்கில் முன்சக்கரம் பூட்டினால் அரை வினாடியில் வண்டி கீழே. அதற்குப் பயந்து முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற ஊர் நம்முடையது. அந்தப் பாடம் தப்பு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்சக்கரத்திடம்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் நிற்க ஏறக்குறைய இரட்டிப்புத் தூரம் எடுப்பார். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை நான்கு விரலாலும் கப்பென்று பிடிக்காமல் இரண்டு விரலால் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முன்சக்கரம் வழுக்குவது கைப்பிடி லேசாகிக் கூச்சமெடுப்பதுபோல் தெரியும். அந்தக் கணமே விரலை விட்டுவிட்டு மறுபடி மெதுவாகப் பிடியுங்கள்.

பின்சக்கரம் பூட்டினால் நேரம் கொஞ்சம் கிடைக்கும். வண்டி இன்னும் நேராக இருந்தால் பின் பிரேக்கை விடலாம். பின்பக்கம் நன்றாகப் பக்கவாட்டில் விலகிவிட்டதென்றால் விடக் கூடாது. விட்டால் சக்கரம் திடீரென்று பிடித்து வண்டி துள்ளி ஆளை மேலே தூக்கி எறியும். அப்போது பார்வையை எதிரே வைத்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, பின்சக்கரம் வழுக்கியபடியே நிற்கும்வரை விட்டுவிடுவது நல்லது. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். தூக்கி எறியப்பட்டால் எலும்பு முறியும்.

சுரங்க வாசல் பக்கத்து டீக்கடைகளில் நின்று கவனித்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். எக்ஸ்.எல்.லில் பின்னால் அரிசி மூட்டையோடு ஒருவர் வருவார். டிப்பர் திரும்புவதைப் பார்த்ததும் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இரண்டு பிரேக்கையும் ஒருசேரப் பிடிப்பார். வண்டி ஆடும். கடைக்காரர் இங்கிருந்து கத்துவார்: “தம்பி, பிரேக்க விடு, அப்படியே வா, காலத் தூக்கு!” அந்தக் குரலில் இருப்பது மொத்தப் பாடமும். தரையில் ஊன்றிய கால் வண்டியை நிறுத்தாது, கணுக்காலைத்தான் உடைக்கும். கால் மேலே இருந்தால் எடை வண்டியின் நடுவில் இருக்கும், முழங்கால் வண்டியை அணைத்துப் பிடிக்கும்.

பசை படிந்த இடத்தைத் தவிர்க்க முடியாவிட்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மேலே ஏறியபின் பிரேக்கும் தொடாமல் முறுக்கவும் செய்யாமல், சாய்க்காமல், ஒரே சீராகக் கடந்துவிடுங்கள். டிப்பரின் சக்கரம் உருண்டு துடைத்த இரண்டு தடங்களில் பசை குறைவாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள மேட்டில் தூளும் சிந்திய எண்ணெயும் சேர்ந்திருக்கும். வெள்ளைப் பெயிண்ட் கோடும் பாலத்து இரும்பு இணைப்பும் நனைந்தால் வழுக்கும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைக் குறுக்கே செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் சக்கரம் தண்டவாளத்தோடு ஓடிவிடும்.

125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019-லிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம், அதற்குக் குறைந்தவற்றுக்கு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பு போதும் என்று விதி வந்தது. சேர்ந்து பிடிக்கும் அமைப்பு சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது. கடையில் விற்கிறவர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் நம்ப வேண்டாம்.

டிராக்டரும் டிரெய்லரும்

பிரேக் இல்லாத டிரெய்லரோடு சரிவில் இறங்கும்போது டிராக்டர் பிரேக்கை அழுத்தினால் பின்னால் இருக்கும் கரும்புப் பாரம் டிராக்டரைத் தள்ளி மடக்கிவிடும். மடங்கத் தொடங்கிய டிரெய்லரை நிமிர்த்தும் வித்தை ஓட்டுநரிடம் இல்லை. சரிவு தொடங்கும் முன்பே குறைந்த கியரில் போட்டு எஞ்சின் பிடியிலேயே இறங்குவது ஒன்றுதான் வழி. இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் கொக்கியை ரோடேறும் முன் மாட்டிவிட வேண்டும். வயலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்துத் திரும்ப அதைக் கழற்றி வைத்திருப்பார்கள். அப்படியே ரோட்டில் வந்து ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் டிராக்டர் அந்த இடத்திலேயே சுழலும்.

தண்ணீரில் மிதக்கும் டயர்

பெரம்பலூரைத் தொட்டுப் போகும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் சிக்கல் வேறு. அங்கே சேறு இல்லை. வேகமும் தேங்கிய தண்ணீரும் உண்டு. டயருக்கு அடியிலிருந்து தண்ணீர் வெளியேற நேரம் போதாவிட்டால் டயர் ரோட்டை விட்டுத் தண்ணீரின்மேல் ஏறிக்கொள்ளும். 1960-களில் விமானச் சக்கரங்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்டுபிடித்த கணக்குப்படி, இந்த வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 20-க்கு இறங்கியிருந்தால் 75-லேயே மிதக்கும். பட்டன் தேய்ந்த டயர் இதற்கும் முன்பே. ஸ்டீயரிங் திடீரென்று லேசாகி, டயர் சத்தம் மாறினால் மிதக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், ஆக்ஸிலேட்டரை மட்டும் மெதுவாக விட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். டயர் தரையைத் தொடும்போது சக்கரம் கோணலாக இருந்தால் வண்டி அந்தப் பக்கம் பாயும்.

தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் எந்த வித்தையும் உதவாது, திரும்பிப் போய்விட வேண்டும். ஓடும் தண்ணீர் ஓரடி உயரம் இருந்தாலே சிறிய கார் மிதந்துவிடலாம். மருதையாற்றின் வெள்ளம் என்ன செய்யும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23 அதிகாலை அது ரயில் பாதையையே அரித்து, தூத்துக்குடி விரைவு ரயிலைக் கவிழ்த்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

பழகிப் பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை

இத்தனையும் படித்தபின் காலி மைதானத்தில் செய்து பார்க்கத் தோன்றும். நார்வேயில் 1979-ல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் தளத்தில் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்கும் ரோட்டில் விபத்துக்குள்ளாவது கூடியிருந்தது. வண்டியைத் திருப்பத் தெரியும் என்ற நம்பிக்கை வந்ததும் வேகத்தைக் குறைக்கும் எண்ணம் போய்விட்டது. பிறகு பாடத்தையே மாற்றினார்கள். எப்படித் திருப்புவது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் கட்டுப்பாடு போகிறது என்பதை உணரவைப்பது நோக்கமானது.

நீங்களும் அந்த நோக்கத்தோடு மட்டும் பழகுங்கள். ஆளில்லாத மைதானம், நனைந்த மண், 20 கிலோமீட்டர் வேகம், நேர்க்கோடு. ஹெல்மெட்டோ சீட் பெல்ட்டோ போட்டுக்கொண்டு பிரேக் பிடித்து, சக்கரம் எப்போது பூட்டுகிறது, ஏ.பி.எஸ். மிதி எப்படி அதிர்கிறது என்று காலுக்குப் பழக்குங்கள். வளைவில் வழுக்கவிட்டுத் திருப்பும் வேலையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம், முக்கியமாகப் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள்.

மழைக்கு முன் டயர்

ஆவணி மாதமே டயரைப் பாருங்கள். சட்டப்படி காருக்கும் லாரிக்கும் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கும், இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது. டயரின் பள்ளத்துக்குள் சிறிய மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. சேற்றுக்கு இந்த அளவே போதாது, இரண்டு மடங்கு இருக்கும்போதே மாற்றுவது நல்லது. பட்டன் நன்றாக இருந்தும் ரப்பர் கல்லாகிப்போன டயர்கள் உண்டு, முக்கியமாக எப்போதோ ஓடும் வண்டிகளில். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. புது டயர் இரண்டே வாங்கினால் காரின் பின்னால் போடுங்கள். முன்னால் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் முன்பக்கம் வழுக்கினால் ஓட்டுநருக்கு ஏதாவது செய்ய முடியும், பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலானோருக்கு முடிவதில்லை.

விழுந்த பிறகு, விழுவதற்கு முன்

ஒரு வண்டி வழுக்கிய இடத்தில் அடுத்த வண்டியும் வழுக்கும். விழுந்தவரைத் தூக்க ஓடுகிறவர்கள் முதலில் பின்னால் வரும் வண்டிகளுக்குக் கை காட்ட ஓர் ஆளை ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். பிறகு 108. கழுத்தும் முதுகும் வலிக்கிறது என்று சொல்கிறவரை ஆட்டோவில் மடக்கி ஏற்ற வேண்டாம்; ஹெல்மெட்டையும் இழுத்துக் கழற்ற வேண்டாம். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும். உதவி செய்தவரைப் போலீசோ மருத்துவமனையோ வற்புறுத்திப் பெயர் கேட்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

திரும்பத் திரும்ப வண்டி வழுக்கும் இடத்தை ஊரே அறிந்திருக்கும், எழுத்தில் எங்கும் இருக்காது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ‘ரோடு மோசம்’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்தச் சுரங்க வாசல், எந்தக் கிலோமீட்டர் கல், எந்த நேரத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள், ரோட்டில் தூள் எவ்வளவு தூரம் படிகிறது என்று எழுதி, காய்ந்தபோது எடுத்த படம் ஒன்று, நனைந்தபோது எடுத்த படம் ஒன்று சேர்த்து வையுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: சுரங்கத்தை விட்டு வெளியேறும் டிப்பரின் சக்கரத்தைக் கழுவ வாசலிலேயே தண்ணீர்த் தொட்டி, பாரத்தின்மேல் தார்ப்பாய், ரோட்டில் தண்ணீர் அடிப்பதற்கு முன் தூளைக் கூட்டி அள்ளுவது. புரட்டாசி பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே மனு போய்ச் சேர்ந்தால், முதல் சனிக்கிழமைக்குள் ரோட்டைக் கூட்டவைக்க அவகாசம் இருக்கும்.